சின்ன நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேரலாமா? வருடா வருடம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் என் போன் அடிக்க ஆரம்பிக்கும். சித்தி வீட்டுப் பையன், எதிர்வீட்டு மாமாவின் பேத்தி, அம்மாவோடு வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பி.டெக். படித்தேன், ஹாஸ்டல்வாசி. முடித்த பிறகு அங்கேயே அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலையும் பார்த்தேன். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கமும் தெரியும், இந்தப் பக்கமும் தெரியும். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். இடத்தின் பெயரைக் கேட்காதீர்கள்.

1. அக்கா, நிகர்நிலைன்னா என்ன? அது நிஜப் பல்கலைக்கழகம் இல்லையா?

நிஜம்தான். 1956-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தில் 3-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. யு.ஜி.சி.யின் ஆலோசனையின் பேரில், நன்றாக நடக்கும் ஒரு கல்வி நிறுவனத்துக்கு மத்திய அரசு பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதியைத் தரலாம். தமிழ்நாட்டில் நாம் பேச்சுவழக்கில் 'பிரைவேட் யுனிவர்சிட்டி' என்பது பெரும்பாலும் இதைத்தான். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இவர்கள் பெயரில் வெறுமனே 'யுனிவர்சிட்டி' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்றது. போர்டில் 'நிகர்நிலை' என்ற சொல் திடீரென்று பெரிதானது அதற்குப் பிறகுதான்.

படிக்கிறவர்களுக்கு வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரியில் செமஸ்டர் கேள்வித்தாள் வெளியிலிருந்து வரும். இங்கே பாடத்திட்டம், கேள்வித்தாள், திருத்தல், ரிசல்ட், பட்டம் எல்லாமே ஒரே காம்பவுண்டுக்குள். இதன் நல்லது கெட்டது 11-ஆம் கேள்வியில் வரும்.

2. இந்த டிகிரி கவர்மெண்ட் வேலைக்குச் செல்லுமா?

செல்லும். யு.ஜி.சி. இணையதளத்தில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் இருக்கிறது, போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிடுங்கள். பொறியியல் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதியையும் பாருங்கள். நாக் கிரேடு என்பது தரத்துக்கான மதிப்பீடு. அதுவே அனுமதி ஆகாது. நீங்கள் சேரும் வளாகம் அனுமதி பெற்ற வளாகம்தானா என்றும் கேளுங்கள். முன் அனுமதி இல்லாமல் சில இடங்கள் அஞ்சல் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் மேலே சொன்ன அதே 2017 தீர்ப்பில்தான் மாட்டிக்கொண்டன.

இதில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி.யில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பட்டப்படிப்பு தகுதியாக உள்ள வேலைக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். இந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் ஆங்கிலவழிதான். அரசு வேலைதான் லட்சியம், பன்னிரண்டு வருடமும் தமிழ்வழி என்றால், சேரும் முன் இரண்டு நாள் யோசியுங்கள். பத்தாம் வகுப்பு தகுதி போதும் என்கிற குரூப் 4-க்கு இந்தச் சிக்கல் இல்லை.

3. மொத்தமே ரெண்டாயிரம் பேர்தானாமே, போரடிக்காதா?

முதல் வாரம் அடிக்கும். எங்கள் வகுப்பில் 38 பேர். ஒரு கேண்டீன், ஒரு ஜெராக்ஸ் கடை, வாசலில் ஒரு டீக்கடை. மூன்றாவது நாளே கேண்டீன் அண்ணன், "உங்களுக்குச் சர்க்கரை கம்மிதானேம்மா?" என்றார். எனக்கு ஊரில் இருப்பது போல ஆகிவிட்டது. அதே அண்ணன்தான், நான் கட் அடித்துவிட்டு உட்கார்ந்திருந்த பீரியடைப் பற்றி ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) சும்மா கேட்டபோது, "ஆமா சார், இங்கதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. இங்கே ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

ஆள் குறைவு என்பதால் வேலையும் நம் தலையில்தான் விழும். இரண்டாம் வருடமே சிம்போசியத்துக்கு 40,000 ரூபாய்க்கு நான் கணக்கு எழுதினேன். பூக்கடை ரசீது ஒன்று இன்று வரை கிடைக்கவில்லை.

4. ஏம்மா, அட்மிஷன் ஆபீஸ்ல சொன்ன ஃபீஸோட முடிஞ்சிடுமா?

முடியாது அங்கிள். டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் அவர்கள் வாயில் வரும். அதற்கு மேல் காஷன் டெபாசிட் (பாக்கி இருந்தால் கழித்துக்கொள்ள வாங்கி வைக்கும் முன்பணம்), மெஸ் அட்வான்ஸ், பஸ், தேர்வுக் கட்டணம், லேப் கோட்டு, ரெக்கார்ட் நோட்டு, மூன்றாம் வருடத்தில் 'பிளேஸ்மெண்ட் டிரெய்னிங்' என்று தனியாக ஒன்று. நான்கு வருடத்துக்கும் வருடவாரியாக என்னென்ன கட்டணம் என்று லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்துக் கேளுங்கள். வங்கிக் கடனுக்கும் அந்தத் தாளும், இங்கே படிக்கிறார் என்று சொல்லும் போனஃபைடு சர்டிபிகேட்டும்தான் வேண்டும். ரசீது இல்லாமல் பத்து ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்குமா என்று எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள். அது அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பிடித்தவர்களுக்கு. நேரடியாக வந்து சேர்ந்தால் கிடையாது. கல்விக் கடன் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை இல்லாமல் கொடுக்க மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதித் திட்டம் இருக்கிறது. மேனேஜர் வீட்டுப் பத்திரம் கேட்டால் அதைச் சொல்லிப் பாருங்கள்.

5. சீட்டு போயிடும்னு பணம் கட்டிட்டோம். இப்ப கவுன்சிலிங்ல வேற இடம் கிடைச்சிருக்கு. பணம் திரும்ப வருமா?

வரும், ஆனால் தேதிதான் எல்லாம். 2018-இல் யு.ஜி.சி. வெளியிட்ட விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுப் பணமும் வர வேண்டும். 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய், பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு, ஆனால் கடைசித் தேதிக்கு முன் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. சில வருடங்களில் யு.ஜி.சி. தனியாக ஒரு தேதி அறிவித்து அதுவரை முழுப் பணமும் தரச் சொல்வதும் உண்டு. 2023-24-இல் அது செப்டம்பர் 30.

"நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று நாளை இழுத்தடிப்பார்கள். முடிவு செய்த அன்றே மின்னஞ்சலில் விலகல் கடிதத்தை அனுப்பிவிடுங்கள், தேதி அதில் பதிந்துவிடும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை இல்லை. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது.

6. ஹாஸ்டலா, காலேஜ் பஸ்ஸா?

பஸ் என்றால் காலை ஆறே முக்காலுக்கு நிறுத்தத்தில் நிற்க வேண்டும். சாயங்காலம் பஸ் கிளம்பிவிடும் என்பதால் கிளப், விளையாட்டு, நூலகம் எதிலும் மனது ஒட்டாது. முப்பது கிலோமீட்டருக்குள் வீடு என்றால் பஸ். அதற்கு மேல் என்றால் ஹாஸ்டலே சரி.

மெஸ் எப்படி என்றால், பசித்தால் நன்றாக இருக்கும். செவ்வாய்க்கிழமை பொங்கலுக்குக் கூட்டம் வரும். வியாழக்கிழமை ராத்திரி சப்பாத்திக்குக் குருமா தீர்ந்துபோனால், மத்தியானம் வைத்த சாம்பார் மறுபடி சூடாகி வரும். எட்டு மணிக்கு மேல் போகிறவர்களுக்கு அதுதான். மெஸ் பில் இரண்டு விதம். ஒன்று மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை. இன்னொன்று டிவைடிங் சிஸ்டம், அதாவது மொத்தச் செலவைச் சாப்பிட்ட ஆட்களின் நாள்கணக்கில் வகுப்பது. இரண்டாவதில், ஊருக்குப் போன நாட்களுக்குக் கழிக்க வேண்டும் என்றால் முன்கூட்டியே ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுத மறந்து, சாப்பிடாத தீபாவளிக்கு நான் இரண்டு வருடம் காசு கொடுத்தேன்.

பக்கெட், நல்ல பூட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இட்லிப்பொடி. மற்றதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

7. பொண்ணுங்க ஹாஸ்டலை மட்டும் ஏன் ஆறரைக்கே பூட்டுறாங்க?

"உங்க பாதுகாப்புக்குத்தான்மா" என்பார்கள். பையன்களுக்கு எங்கள் இடத்தில் எட்டரை. பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்காக யு.ஜி.சி. 2015-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையில், மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஹாஸ்டலில் பையன்களுக்கு இல்லாத விதிகளை அவர்களுக்கு வைக்கக் கூடாது என்று அப்பட்டமாக எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வார்டன் மேடத்திடம் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு, "சரி, ஆனா உங்க அப்பாங்க போன் பண்ணி என்னத்தானே திட்டுவாங்க" என்றார். ஒரு செமஸ்டர் கழித்து, நூலகத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் எட்டு மணி ஆனது. நூலகத்தில் அவ்வளவு கூட்டத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

8. ராகிங் இருக்குமா?

1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டதற்குப் பிறகு, 1997-இல் தமிழ்நாடு இதற்கென்று தனிச் சட்டம் போட்டது. இரண்டு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 2009-இல் யு.ஜி.சி. ஒழுங்குமுறையும் வந்தது, சேரும்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி கொடுப்பது அதனால்தான். எங்கள் இடத்தில் 'இன்ட்ரோ' என்ற பெயரில் பேர், ஊர் கேட்டு ஒரு பாட்டு பாடச் சொன்னார்கள். பாடப் பிடிக்கவில்லை என்றால் பாட வேண்டாம். எல்லை மீறினால் 1800-180-5522 என்ற இலவச எண் 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

9. பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியம். கிளாஸ்ல ஒண்ணுமே புரியாதோ?

முதல் இரண்டு மாதம் புரியாது. போர்டில் எழுதுவது புரியும், சொல்வது புரியாது. எங்கள் 38 பேரில் பாதிக்கு மேல் உங்கள் கதைதான். ஆசிரியர்களும் இந்தப் பக்கத்து ஆட்கள் என்பதால் பாதி பாடம் தமிழில்தான் நடக்கும். கஷ்டம் எழுதும்போது வரும். அசைன்மெண்டைக் காப்பி அடிக்காமல், தப்புத் தப்பாக இருந்தாலும் சொந்தமாக எழுதி, மேடத்தின் அறைக்குப் போய்த் திருத்தி வாங்குங்கள். சின்ன இடத்தில் அதற்கு அவர்களுக்கு நேரம் இருக்கிறது. என்னைச் சிவப்பு மையால் மூன்று செமஸ்டர் வறுத்த மேடம்தான் பிற்பாடு என் முதல் வேலை விண்ணப்பத்தையும் திருத்திக் கொடுத்தார்.

10. 75 பர்சன்ட் அட்டெண்டன்ஸ்னா எத்தனை நாள் லீவு போடலாம்?

நாள் கணக்கில் யோசிக்கிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். பல இடங்களில் கணக்கு பாடம் பாடமாக. கிரெடிட் என்பது பாடத்தின் எடை; மூன்று கிரெடிட் பாடத்துக்குச் செமஸ்டரில் சுமார் 45 பீரியட். 11 பீரியட் விடலாம், பன்னிரண்டாவது விட்டால் 75-க்குக் கீழே. லேப் வாரம் ஒரு தடவைதான். பதினைந்தில் நான்கு போனால் போச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் லேப் இருக்கிற வகுப்பில், ஊருக்குப் பஸ் பிடிக்கிற ஆசையால் இப்படி 75-ஐக் கோட்டைவிட்டவர்கள் நிறையப் பேர். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால் மருத்துவச் சான்றிதழும் அபராதமும் கட்டித் தேர்வு எழுத விடுவது வழக்கம். அதற்கும் கீழே என்றால் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதுதான். போட்டி, கருத்தரங்கு என்று போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை அன்றே கொடுத்துவிடுங்கள்.

பிராக்சி? 38 பேர் வகுப்பில் "எஸ் சார்" என்று குரல் மாற்றிச் சொன்ன என் தோழியைப் பார்த்து சார், "நீ உனக்கு மட்டும் சொல்லும்மா, போதும்" என்றார்.

11. இன்டர்னல் மார்க்கை சார் இஷ்டத்துக்குப் போடுவாராமே?

முதல் கேள்வியில் சொன்ன ஒரே காம்பவுண்டு விஷயம் இங்கேதான் உறைக்கும். இன்டர்னல் 40, செமஸ்டர் 60 என்பார்கள். சில இடங்களில் பாதிக்குப் பாதி. பாடம் நடத்தியவரே கேள்வித்தாளும் எடுப்பதால் நடத்தாததைக் கேட்க மாட்டார். அது பெரிய நிம்மதி. ஆனால் வகுப்பில் அவர் முகம் சுளித்தது உங்கள் அசைன்மெண்ட் மார்க்கில் தெரியவும் கூடும். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

செய்ய வேண்டியது, ஒவ்வொரு டெஸ்ட் விடைத்தாளையும் வாங்கிக் கூட்டல் சரிபார்ப்பது, திருத்திய அசைன்மெண்டைப் போட்டோ எடுத்து வைப்பது. இன்டர்னல் பட்டியலில் கையெழுத்து வாங்குவார்கள். அவசரத்தில் போட்டுவிடாதீர்கள், உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். எனக்கு ஒரு தடவை 34 என்பது 24 ஆகியிருந்தது. சார் பேனாவை எடுத்து அங்கேயே மாற்றினார். செமஸ்டர் முடிந்து கேட்டிருந்தால் மூன்று அலுவலகம் ஏறியிருப்பேன். செமஸ்டர் தேர்வில் தனியாகக் குறைந்தபட்ச மார்க் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். இன்டர்னல் 40-க்கு 39 இருந்தாலும் அது இல்லாமல் பாஸ் இல்லை.

12. ஒரு கப்பு விழுந்துடுச்சு. வாழ்க்கை போச்சா?

போகவில்லை. கப்பு என்பது ஒரு பாடத்தில் ஃபெயிலாகி நிற்கும் அரியர்தான், அதைப் பற்றிக் கம்பெனிகள் இரண்டு கேள்வி கேட்கும்: இப்போது அரியர் நிற்கிறதா, எப்போதாவது இருந்ததா. முதலாவதைத்தான் நிறையப் பேர் பார்ப்பார்கள். அடுத்த வாய்ப்பிலேயே எழுதிவிடுங்கள், கடைசி வருடத்துக்குச் சேர்த்து வைக்காதீர்கள். சி.ஜி.பி.ஏ.வை, அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்துப் பத்துக்கு வரும் சராசரியை, சதவீதமாக்க ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. நீங்களாகப் பத்தால் பெருக்காமல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் சான்றிதழாக வாங்கிக்கொள்ளுங்கள்.

13. பேனர்ல நூறு சதவீதம் பிளேஸ்மெண்ட்னு போட்டிருக்கே, நிஜமா?

கணக்கு சரியாகத்தான் இருக்கும், எதில் சதவீதம் என்பதுதான் விஷயம். நான் அலுவலகத்தில் இருந்தபோது இந்தப் பட்டியல்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன். அறுபது பேர் வகுப்பு என்று வையுங்கள். அரியர் உள்ளவர்களை எடுத்துவிடு, மேற்படிப்பு என்று எழுதிக் கொடுத்தவர்களை எடுத்துவிடு, குடும்பத் தொழில் என்றவர்களை எடுத்துவிடு. மிச்சம் முப்பது. அதில் முப்பது பேருக்கும் ஆஃபர் என்றால் நூறு சதவீதம். ஒரே பெண்ணுக்கு மூன்று ஆஃபர் வந்தால் பேனரில் மூன்று என்று ஏறும்.

ஆகவே நான்கு எண்கள் கேளுங்கள்: மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் பதிவு செய்தார்கள், ஆஃபர் வாங்கிய தனித்தனி ஆட்கள் எத்தனை, நடுவில் இருக்கிறவருக்கு என்ன சம்பளம். அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒரு பிள்ளையின் கதை. சின்ன இடத்துக்குப் பெரிய கம்பெனிகள் தனியாக வருவது குறைவு. பல கல்லூரிகளுக்கும் சேர்த்து நடக்கும் பூல் டிரைவ் என்று வேறு கல்லூரிக்குப் பஸ்ஸில் கூட்டிப் போவார்கள். காலை நாலரைக்குக் கிளம்பி, ஆயிரம் பேர் வரிசையில் நின்று, தயிர்சாதப் பொட்டலத்தோடு ஆப்டிட்யூட் தேர்வு எழுதுவது. ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன், இத்தனை வருடம் வேலையை விடக் கூடாது என்ற பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

14. பையனும் பொண்ணும் பேசினா ஐடி கார்டைப் பிடுங்கிடுவாங்களாமே?

இடத்துக்கு இடம் மாறும். எங்களிடம் பேசலாம், படிக்கட்டில் நின்று பேசினால் செக்யூரிட்டி தாத்தா இருமுவார். அவரைவிட வேகமாக வகுப்பே பேசும். யார் யாரோடு என்பது மத்தியானத்துக்குள் மெஸ்ஸுக்கு வந்துவிடும். பிரிந்தாலும் மிச்சம் இருக்கிற வருடங்களுக்கு அதே 38 பேர், அதே லேப், ரோல் நம்பர் வரிசை ஒட்டி இருந்தால் ஒரே மேஜை.

15. ஒரு சார் மேல புகார் கொடுக்கணும். ஆனா மார்க் போடறதே அவர்தான். என்ன பண்றது?

இதைக் கேட்கிறவர்கள் எப்போதும் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள். பாலியல் தொல்லை என்றால் நேராக உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள்; 7-இல் சொன்ன 2015 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் அது இருக்க வேண்டும். மார்க், கட்டணம், சான்றிதழ், பாரபட்சம் என்றால் மாணவர் குறைதீர்க் குழு. 2023-இன் யு.ஜி.சி. ஒழுங்குமுறைப்படி அது 15 வேலைநாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சின்ன இடத்தில் அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் அந்த சாரோடு தினமும் டீ குடிக்கிறவராகவும் இருப்பார். வாய்மொழியாகச் சொன்னால் அது புகாராகவே ஆகாது, சாயங்காலத்துக்குள் அவர் காதுக்கு மட்டும் போய்விடும். எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். 11-இல் சொன்ன போட்டோக்கள் இங்கே கை கொடுக்கும். முடிந்தால் இரண்டு மூன்று பேராகக் கொடுங்கள். வீட்டில் ஒருவருக்காவது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

16. ஒரு வருஷம் முடிச்சாச்சு, பிடிக்கல. டி.சி. கேட்டா மிச்ச வருஷ ஃபீஸையும் கட்டச் சொல்றாங்க.

5-இல் சொன்ன அதே 2018 விதி, படிக்கப் போகிற செமஸ்டர் அல்லது வருடத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதை மேற்கோள் காட்டி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 15-இல் சொன்ன வழி. படித்த கிரெடிட்டுகள் 2021-இல் தொடங்கிய கிரெடிட் வங்கிக் கணக்கில் இருக்கலாம். ஆனால் போகிற இடம் ஒத்துக்கொண்டால்தான் அதற்கு மதிப்பு. நடைமுறையில் முக்கால்வாசிப் பேர் மறுபடி முதல் வருடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

17. பட்டமளிப்புக்கு வரலேன்னா டிகிரி தர மாட்டாங்களா? நோ டியூஸ்னு வேற அலையவிடறாங்க.

தருவார்கள். வர முடியாதவர்களுக்குத் தபாலில் அனுப்பத் தனிப் படிவம், தனிக் கட்டணம். அதுவரை புரொவிஷனல் சர்டிபிகேட் போதும். பாக்கி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வாங்கும் நோ டியூஸ்தான் பெரிய யாத்திரை. நூலகம், ஒவ்வொரு லேப், மெஸ், ஹாஸ்டல், அக்கவுண்ட்ஸ் என்று எனக்குப் பதினொரு கையெழுத்து. காலை பத்தரைக்கு முன்னால் போங்கள், எல்லோரும் இருக்கையில் இருப்பார்கள்.

எனக்குப் பத்து கையெழுத்து சுலபமாக வந்தது. விளையாட்டுத் துறை சார் மட்டும் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டி, முதல் வருடம் என் பெயரில் போன ஷட்டில் மட்டை ஒன்று திரும்பி வரவில்லை என்றார். காஷன் டெபாசிட்டில் 350 ரூபாய் கழித்தார்கள். அந்த மட்டையை வாங்கிக்கொண்டு போனவள் என் ரூம்மேட். அவளுக்கு நோ டியூஸ் அரை நாளில் முடிந்தது.